கயிற்றை இழுக்காதே, ஸ்டெப்னி!

ஷட்டர் இறங்கிய சத்தத்தில் ஸ்டெப்னி சொல்லிக்கொண்டிருந்த ஜோக் பாதியிலேயே செத்துப்போனது.

தகரம் தரையில் மோதி அறை முழுக்க அதிர்ந்தது. அடுத்த நொடி தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த ட்யூப்லைட்டும் கண்ணை மூடிக்கொண்டது.

"பெரியம்மா, ஏதாவது பட்டனை அழுத்தினீங்களா?"

"நான் எதையும் தொடலை. நீ என்ன பண்ணின?"

"ஜோக் சொன்னேன். ஜோக் பிடிக்கலைன்னா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. ஷட்டரை இறக்க மாட்டாங்க."

ஸ்டெப்னி தடவித் தடவிச் சுவர் ஓரம் போய், ஷட்டரை ஏற்றும் பட்டனை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினான். பிறகு கோபத்தில் நாலைந்து தடவை குத்தினான். கரண்ட் இல்லாத பட்டன், குத்தினாலும் கொஞ்சினாலும் ஒன்றுதான்.

அது ஒரு பெரிய லாண்டரியின் நிலவறை. தெருவிலிருந்து சரிவாக இறங்கும் பாதை, அதன் அடியில் கரண்டில் ஏறி இறங்கும் இந்த ஷட்டர். உள்ளே பத்தடிக்குப் பத்தடி அறை. எதிர்ச்சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், தலையணை அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சட்டம். அதன் வழியாக வந்த மதிய வெளிச்சத்தில்தான் மற்றதெல்லாம் தெரிந்தது: சக்கரம் வைத்த ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர், மூலையில் கழித்துப் போட்ட பழைய சலவை டிரம், ஒரு தண்ணீர்க் குழாய், சுவரோடு ஓர் அலமாரி.

இந்த அறையில்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் லாண்டரி முதலாளி செத்துக் கிடந்தார்.

"கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட இறங்கியிருக்கிறார். ஷட்டரை மூடிவிட்டு ஓட்டியிருக்கிறார். புகை வெளியே போக வழியில்லாமல் மூச்சடைத்துவிட்டது. விபத்து." போலீஸ் நாலு வரியில் எழுதிக் கோப்பை மூடிவிட்டது. அவருடைய ஒரே மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா விவரமானவர் மேடம். மூடின ரூமுக்குள்ள மெஷின் ஓட்டற ஆள் இல்லை" என்று பெரியம்மாவைத் தேடி வந்தாள்.

பெரியம்மா இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து சர்வேயராக இருந்தவர். 'விபத்து' என்று எழுதிய காகிதத்தைப் பார்த்தாலே மூக்கைச் சுளிப்பார். வேலையை விட்டதும் துப்பறியும் ஆபீஸ் போட்டார். ஊரார் இன்னமும் 'சர்வேயரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஸ்டெப்னி அவருடைய தங்கை மகன். வயது முப்பத்து நாலு. டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருஷம், டாக்சியில் ஐந்து வருஷம். உருண்டையாக இருப்பான், எப்போதும் யார் பின்னாலாவது ஒட்டிக்கொண்டு வருவான், பஞ்சரானால்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருவான். பெயர் வைத்தவர் பெரியம்மாதான்.

"கத்திப் பாருடா."

கத்தினான். "யாராவது இருக்கீங்களா!" என்று ஆரம்பித்து, "மாமா!", "வாட்ச்மேன்!", "அண்ணே!" என்று எல்லா உறவையும் கூப்பிட்டு முடித்தான். வார விடுமுறை. லாண்டரியில் ஆள் கிடையாது. பின்னால் ஒரு கிடங்கின் மொட்டைச் சுவர்.

"போன்?" என்றார் பெரியம்மா.

"அதைத்தான் மாமா வாங்கி மேல ஆபீஸ் தட்டுல வச்சுட்டாரே! பெட்ரோல் இருக்கற ரூம், செல்போன் கூடாதுன்னு. கையில தண்ணி பாட்டில் வேற கொடுத்து அனுப்பினார். நல்ல மனுஷன். 'கரண்ட் போனா பயப்படாதீங்கம்மா, ஜெனரேட்டர் ஒயர் ஷட்டருக்குப் போகுது, கயிற்றை இழுத்தாப் போதும்'னு சொன்னாரே."

மாமா என்பவர் செத்துப்போன முதலாளியின் மைத்துனர். அக்கா போன பிறகும் அத்தானோடே இருந்து ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்த்தவர். மகளுக்குத் தாய்மாமன், லாண்டரியில் எல்லோருக்குமே மாமா.

"இன்னொருத்தர் என்ன சொன்னார்?"

"சின்ன முதலாளியா? முந்தாநாள் வந்தப்ப கடிச்சுக் குதறிட்டாரே! 'அந்த ரூமுக்குள்ள யாரும் போகக் கூடாது, மெஷின்ல கை வச்சா நடக்கறதே வேற'ன்னு. ஆளைப் பார்த்தாலே தெரியுது பெரியம்மா. சொந்த அண்ணன் செத்து மூணு வாரம்தான் ஆகுது, முகத்துல ஒரு துக்கம் இல்லை."

முதலாளியின் தம்பியான சின்ன முதலாளி, மேலே இஸ்திரிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். அந்தப் பிரிவில்தான் போன வருஷம் ஒரு பெண்ணின் கை ரோலருக்குள் போய் நான்கு விரல் நசுங்கியது. மெஷினில் இருக்க வேண்டிய காப்புத் தகடு அன்று இல்லை. கழற்றியது யார் என்று கடைசிவரை வெளியே வரவில்லை. செத்துப்போவதற்கு ஒரு வாரம் முன்னால் முதலாளி மகளிடம், "அடுத்த வாரம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டரைப் பார்த்து எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்" என்றாராம். சொல்வதற்குள் போய்ச் சேர்ந்தார்.

"சரி, மெஷினைக் கிளப்புவோம்" என்று ஸ்டெப்னி கையைத் தேய்த்துக்கொண்டான். "முப்பது செகண்ட் ஓடினா ஷட்டர் ஏறிடும். அந்த முப்பது செகண்ட் புகையில ஒண்ணும் ஆகாது. ஆனா முதல் இழுப்புலயே பிடிக்கணும். அதுக்குப் பொறி கொடுக்கற ஸ்பார்க் ப்ளக் ஒழுங்கா இருக்கணும்."

"பாரு."

ஜெனரேட்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பெட்ரோல் டேங்கில் கால்வாசி இருந்தது. ப்ளக்கின் தலையில் மாட்டியிருந்த ஒயரைப் பிடுங்கினான். அலமாரியில் பளிச்சென்று ஒரு ப்ளக் ஸ்பேனர். எடுத்து மாட்டித் திருகப் போனால், ஸ்பேனர் தேவைப்படவே இல்லை.

"இதென்ன, கையாலேயே கழண்டு வருது!"

"அப்படி வரக் கூடாதா?"

"வரவே கூடாது. ப்ளக் லூசா இருந்தா எஞ்சினுக்குள்ள இருக்கற காத்து அமுக்கமெல்லாம் அந்த வழியா பீச்சி அடிக்கும். இந்த மெஷின் செத்தாலும் ஓடாது."

"முதலாளி செத்த அன்னிக்கு டேங்க் காலியாகற வரைக்கும் ஓடியிருக்கே?"

"ஓடித்தான் இருக்கு. பாருங்க." ப்ளக்கின் நுனியை வெளிச்சத்தில் காட்டினான். மையிட்டது போலக் கன்னங்கரேல் என்று கரி. "நல்லா ஓடற மெஷின்ல நுனி காபிப் பொடி கலர்ல இருக்கும். இது காத்து கிடைக்காம மூச்சுத் திணறி ஓடின மெஷின். நடுவுல இருக்கற இடுக்கையே கரி அடைச்சுடுச்சு. பொறி எங்கேருந்து தாவும்?"

அந்தக் கரியைப் பெரியம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு மனிதர் மூச்சுக்குத் திணறிய அதே நேரத்தில் இந்த மெஷினும் திணறியிருக்கிறது.

ஸ்டெப்னி பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கழற்றிய ப்ளக்கை ஒயரில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தான். பொறி இல்லை. இன்னொரு தடவை. இல்லை.

"அவுட். உப்புத்தாள் இருந்தா தேய்ச்சுடலாம். அட, வேண்டாம் பெரியம்மா, அதிர்ஷ்டம்! புது ப்ளக்கே இருக்கு."

ஸ்பேனர் இருந்த அதே தட்டில், அட்டைப் பெட்டியோடு ஒரு ப்ளக். நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒயரில் மாட்டி இழுத்தான். இருட்டு மூலையில் சட்டென்று ஒரு நீலப் பொறி கண் சிமிட்டியது. ஸ்டெப்னிக்கு உயிர் வந்தது.

"உங்க விசிட்டிங் கார்டு ஒண்ணு கொடுங்க."

"எதுக்கு? மெஷின்கிட்ட அறிமுகப்படுத்திக்கவா?"

"ரெண்டா மடிச்சா ப்ளக் இடுக்குக்குச் சரியான கனம்." கார்டை நுழைத்துப் பார்த்தான். இறுக்கமாகப் போய் வந்தது. "கச்சிதம். இந்தக் கார்டு முதல் தடவையா ஒரு வேலைக்கு ஆச்சு."

மரையில் ப்ளக்கைக் கையால் ஏற்றினான். மரை பிசகாமல் கடைசிவரை போனது. அப்புறம் ஸ்பேனர். ஒரு திருகு. டக்கென்று நின்றது.

ஸ்டெப்னியின் கை யோசித்தது. எட்டு வருஷத்தில் ஆயிரம் ப்ளக் மாட்டிய கை அது.

"விசித்திரமா இருக்கே."

"என்னது?"

"புது ப்ளக்குக்குக் கீழ ஒரு வாஷர் இருக்கும் பெரியம்மா. உள்ள காலியா இருக்கும். முதல் தடவை முறுக்கும்போது அது நசுங்கணும், அரைச் சுத்து மெத்துனு உள்ள போகும். இது போகலை." கழற்றிப் பார்த்தான். வாஷர் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. "ஏற்கெனவே எவனோ ஒரு தடவை மாட்டிக் கழட்டியிருக்கான். கழட்டித் திரும்பப் பெட்டியில போட்டு வச்சிருக்கான். பரவாயில்லை, பொறி வருதே, அதுபோதும்."

மறுபடி மாட்டி முறுக்கினான். ஒயரைச் செருகினான். பெட்ரோலைத் திறந்தான், சோக்கை இழுத்தான். சுவரிலிருந்து வந்த ஷட்டர் ஒயரை ஜெனரேட்டரில் சொருகினான். காலை அகட்டி நின்று கயிற்றின் கைப்பிடியை இறுகப் பிடித்தான்.

"தயாரா பெரியம்மா? ஒண்ணு... ரெண்டு..."

"கயிற்றை இழுக்காதே, ஸ்டெப்னி!"

அப்படி ஒரு குரலில் பெரியம்மா கத்தி அவன் கேட்டதே இல்லை. திரும்பினான். ஐம்பத்தெட்டு வயது மனுஷி, புடவையைப் பற்றிக் கவலைப்படாமல், ஷட்டருக்கு முன்னால் கன்னத்தைத் தரையில் ஒட்டிக் குப்புறப் படுத்திருந்தார்.

"இங்க வா. கீழ பாரு. என்ன தெரியுது?"

அவனும் படுத்தான். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே நூல் கனத்துக்கு வெளிச்சக் கோடு. இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு அந்தக் கோடு வெட்டுப்பட்டிருந்தது. வலது ஓரத்திலும் அதேபோல.

"தாழ்ப்பாள்" என்றார் பெரியம்மா. "வெளிப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் இருக்கு, தரைக்குள்ள இறங்கறது. நாம உள்ள வரும்போது ரெண்டும் மேல தூக்கியிருந்தது, பார்த்தேன். கரண்ட் போனா தாழ்ப்பாள் தானா இறங்குமாடா?"

"அப்போ மெஷின் ஓடினாலும்..."

"ஷட்டர் ஏறாது. புகைதான் ஏறும். இந்த டேங்க் தீர்ற வரைக்கும்."

"உடனே ஆஃப் பண்ணிட மாட்டோமா?"

"மாட்டோம். மோட்டார் முக்கும், சிக்கியிருக்கு, இதோ ஏறிடும்னு நினைப்போம். இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம்னு பார்ப்போம். தலை சுத்தறது தெரியறப்ப கால் எழுந்திருக்காது." எழுந்து உட்கார்ந்து, ஷட்டரின் உட்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். முழங்கால் உயரத்தில் தகரம் ஏழெட்டு இடத்தில் குழிந்திருந்தது. "போலீஸ் இதைப் பழைய அடின்னு விட்டுட்டாங்க. ஆத்திரத்துல அடிக்கறவன் நெஞ்சு உயரத்துல அடிப்பான். இவர் முட்டி போட்டுட்டு அடிச்சிருக்கார். எழுந்து நிக்க முடியலை."

எங்கோ குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ஸ்டெப்னிக்குத் திடீரென்று சுவர்கள் நாலும் ஓரடி நெருங்கி வந்துவிட்டதுபோல் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. அவன் கை இன்னமும் கயிறு பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது.

"உன் ப்ளக்தான் காட்டிக் கொடுத்தது" என்றார் பெரியம்மா. "பழைய ப்ளக் கரி பிடிச்சு அவுட். அதோட விட்டா நம்மால மெஷினைக் கிளப்ப முடியாது. அவனே புதுசா மாட்டி வச்சா, யாரு மாத்தினதுன்னு கேள்வி வரும். அதனால புதுசை ஒரு தடவை மாட்டி, மெஷின் கிளம்புதான்னு சோதிச்சிருக்கான். அப்புறம் கழட்டி, பழையதைத் திரும்ப வச்சு அவசரத்துல கையால மட்டும் திருகிட்டான். புதுசைப் பெட்டியில போட்டு, ஸ்பேனரோட நம்ம கண் எதிர்லயே வச்சுட்டான். தட்டுல வச்சு மரியாதையா கூப்பிட்டிருக்கான்டா நம்மளை."

"பாவி" என்றான் ஸ்டெப்னி. "நான்கூட அதிர்ஷ்டம்னு சொன்னேனே! அந்தச் சின்ன முதலாளி மூஞ்சியைப் பார்த்தப்பவே..."

"மூஞ்சியை அப்புறம் பார்க்கலாம். இப்போ மூச்சு. அந்தக் கண்ணாடியை உடை."

ஸ்பேனரை ஓங்கி எறிந்தான். டங் என்று பட்டு, இவன் தலையைத் தேடிக்கொண்டே திரும்பி வந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை.

"கார் ஜன்னல் ரகம் பெரியம்மா. கடினப்படுத்தின கண்ணாடி. சுத்தியலாலே அடிச்சாலும் சிரிக்கும்."

பெரியம்மா கண்ணாடிக்குக் கீழே சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் வட்டமாக ஒரு கரிக்கறை. "இங்க முன்னாடி ஒரு குழாய் வெளியே போயிருக்கு. மெஷின் புகைக்கு. ஜன்னலும் முன்னாடி காத்து வர்ற மாதிரிதான் இருந்திருக்கும். மூடினது சமீபத்துல." டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இதோ குழாயும் இருக்கு. எடுத்து எறிய சோம்பேறித்தனம்."

ஸ்டெப்னி அதைக் கேட்கவில்லை. அவன் பார்வை தரையில் கிடந்த கரிபிடித்த ப்ளக் மேல் இருந்தது. மெதுவாக அவன் முகத்தில் பழைய களை திரும்பியது.

"பெரியம்மா, டாக்சி ஓட்டறப்ப ஒரு தடவை சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டேன். சவாரிக்காரம்மா பிரசவ வலியில கத்தறாங்க. பக்கத்து ஒர்க்‌ஷாப் மேஸ்திரி ஒரு வேலை பண்ணினார்."

ப்ளக்கைத் தரையில் வைத்து ஸ்பேனரால் போட்டான் ஒரு போடு. மேல்பாகத்தின் வெள்ளைப் பீங்கான் சில்லு சில்லாகத் தெறித்தது. கடலைப் பருப்பு அளவில் ஒன்றைப் பொறுக்கி, இரண்டடி பின்வாங்கி, கண்ணாடியை நோக்கிச் சுண்டி எறிந்தான்.

இரும்பு ஸ்பேனருக்கு அசையாத கண்ணாடி, அந்தப் பொடிச் சில்லு பட்டதும் மெல்ல நொறுநொறுவென்று முனகி, கல்கண்டு கொட்டுவதுபோல உதிர்ந்தது. காற்று உள்ளே வந்தது. வெறும் சந்துக் காற்று, குப்பை நாற்றத்தோடு. ஸ்டெப்னி அதை விருந்துபோல இழுத்து விழுங்கினான்.

கண்ணாடிக்கு வெளியே இரும்புக் கம்பி நான்கு. கை போகும், ஆள் போக முடியாது. டிரம் மேல் ஏறி வாயைத் திறக்கப் போனவனைப் பெரியம்மா காலைப் பிடித்து இழுத்தார்.

"கத்தாதே. முதல்ல கேட்கப் போறது அவனுக்குத்தான். ஓடி வந்து திறப்பான். 'ஐயய்யோ, தெரியாமப் பூட்டிட்டேன்'னு கன்னத்துல போட்டுக்குவான். நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கு? நசுங்கின வாஷரா?"

"அப்போ?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ணு நம்மைக் கூட்டிட்டுப் போக இங்க வருதுன்னு கிளம்பறப்பவே எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்குள்ள அவன் வந்து தாழ்ப்பாளைத் தூக்கியே ஆகணும். தாழ்ப்பாள் போட்டிருந்தா கொலை. தூக்கியிருந்தா விபத்து. அவன் கையாலேயே தூக்க வைப்போம்." வாட்சைப் பார்த்தார். நாலு இருபது. "இப்போ இழுடா கயிற்றை. புகைக் குழாயை மாட்டிட்டு."

ஸ்டெப்னி பெரியம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். "அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி இழுக்காதேன்னீங்க."

"அப்போ ஜன்னல் இல்லை."

வேலை மும்முரமாக நடந்தது. ஜெனரேட்டரை ஜன்னலுக்கு அடியில் தள்ளினார்கள். குழாயின் ஒரு நுனி சைலன்சரில், மறு நுனி கம்பிகளுக்கு நடுவே. பொருத்தின இடத்தில், டிரம்முக்குள் கிடந்த பழைய விரிப்பைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து இறுகச் சுற்றினான். டேங்கிலிருந்த பெட்ரோலைக் குழாயடியில் இருந்த வாளியில் இறக்கி மூடி தூரமாக வைத்தான்.

"அரை மணி ஓடணும்னா எவ்வளவு விடணும்?"

"ரெண்டு டம்ளர். கூடப் போனா அஞ்சு நிமிஷம் இப்படி அப்படி."

"விடு."

முதல் இழுப்பு. மெஷின் இருமியது, நின்றது. இரண்டாவது இழுப்பு. அதுகூட இல்லை. ஸ்டெப்னிக்கு நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இது கிளம்பாவிட்டால் வெளியே இருப்பவன் வர மாட்டான், அல்லது வேறு ஏதாவது கொண்டுவருவான். சோக்கைப் பாதி தள்ளினான். "அம்மா தாயே, ஒரே ஒரு தடவை" என்று மெஷினிடம் கெஞ்சியபடி மூன்றாவது முறை இழுத்தான்.

எஞ்சின் அலறிக்கொண்டு உயிர்பெற்றது.

பெரியம்மா போய் ஷட்டர் பட்டனை அழுத்தினார். மேலே மோட்டார் முக்கியது. தகரம் ஒருமுறை நடுங்கியது. அசையவில்லை. மறுபடி அழுத்தினார், வெளியே இருப்பவனுக்குக் கேட்கட்டும் என்று. ஸ்டெப்னி அந்த முக்கலைக் கேட்டுக்கொண்டு நின்றான். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பட்டனில் இன்னொருவர் விரலை எடுக்காமல் நின்றிருப்பார்.

இருவரும் டிரம் மேல் ஏறி, கம்பிகளுக்கு இடையே மூக்கை வைத்து நின்றார்கள். அப்படியும் கண் எரிந்தது. ஜோக் எதுவும் வரவில்லை. பெரியம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிப்பாரே, அந்தப் பிடி.

நாலு ஐம்பத்து மூன்றுக்கு மெஷின் இரண்டு தடவை விக்கி, அணைந்தது.

"படு" என்றார் பெரியம்மா. தரையில் படுத்தார்கள். காதுக்குள் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சரிவில் செருப்புச் சத்தம். நிதானமான நடை. இடது தாழ்ப்பாள் கிரீச்சென்று ஏறியது. பிறகு வலது. செருப்புச் சத்தம் மேலே போனது. ட்யூப்லைட் மினுக்கி எரிந்தது. செருப்பு திரும்ப வந்தது. ஷட்டர் கடகடவென்று ஏறத் தொடங்கியது.

ஸ்டெப்னி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். முதலில் தெரிந்தது செருப்பு. பிறகு வெள்ளை வேட்டி. பிறகு ஒரு தொப்பை. அதற்கும் மேலே, ஈரக் கர்ச்சீப்பால் மூக்கையும் வாயையும் கட்டிய ஒரு முகம்.

அது சின்ன முதலாளியின் முகம் இல்லை.

"வாங்க மாமா" என்றபடி பெரியம்மா எழுந்து உட்கார்ந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மாமா இரண்டடி பின்னால் போனார். அப்புறம் அவர் முகத்தில் அந்தப் பழைய அன்பு பதறிக்கொண்டு திரும்பியது. "ஐயோ, தாயி! உயிரோட இருக்கீங்களா! மெஷின் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். கடவுள்தான் காப்பாத்தினான்..."

"ஓடி வரலை மாமா."

குரல் சரிவின் மேலிருந்து வந்தது. முதலாளியின் மகள். அவள் பக்கத்தில், வாட்ட சாட்டமாக, முகம் இறுகிப்போய்ச் சின்ன முதலாளி.

"நாங்க வந்தப்ப மெஷின் ஓடிட்டு இருந்தது. நீங்க மேல படியில உட்கார்ந்து வாட்சைப் பார்த்துட்டு இருந்தீங்க. கூப்பிட வாயெடுத்தேன், அதுக்குள்ள சத்தம் நின்னுது. சித்தப்பா என்னை மறைவுக்கு இழுத்துட்டார். நீங்க எழுந்து கர்ச்சீப்பை நனைச்சுக் கட்டினீங்க. அப்புறம்தான் தாழ்ப்பாளைத் தூக்கினீங்க." அவள் ஒவ்வொரு வார்த்தையாக இறங்கி வந்தாள். "காப்பாத்த வர்றவங்க முதல்ல கதவைத்தானே மாமா திறப்பாங்க?"

மாமாவின் கை கர்ச்சீப்புக்குப் போனது. கழற்றுவதா வேண்டாமா என்று அதற்கே தெரியவில்லை.

"நீ... அஞ்சு மணிக்குன்னு..."

"உங்ககிட்ட அஞ்சுன்னேன்" என்றார் பெரியம்மா. "அவகிட்ட நாலே முக்கால். சித்தப்பாவையும் கூட்டிட்டு வரச் சொன்னேன். நேரத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்ற பழக்கம் எனக்கு வேலையில சேர்ந்த முதல் மாசமே போயிடுச்சு. போனை வாங்கி வச்சதும், கயிற்றை இழுக்கச் சொன்னதும் நீங்க. காப்புத் தகடைக் கழட்டச் சொன்னதும் நீங்கதானே? அதை உங்க அத்தான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லப் போறார்னு தெரிஞ்சதும் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டீங்க."

"தகடு இருந்தா துணி மெதுவாப் போகுதுன்னார்." முதல் தடவையாகச் சின்ன முதலாளி வாயைத் திறந்தார். கரகரத்த குரல். "நான் ரெண்டு தடவை மாட்டினேன். ரெண்டு தடவையும் ஆளை விட்டுக் கழட்டினார். அண்ணன்கிட்ட அதைச் சொன்னது நான்தான்."

மாமா சரிவைப் பார்த்தார். அதில் சின்ன முதலாளி நின்றார். பின்னால் திரும்பினார். அறை மட்டுமே இருந்தது. பத்தடிக்குப் பத்தடி. அவர் அப்படியே சரிவில் உட்கார்ந்துவிட்டார். மேலே ஆபீஸ் தட்டிலிருந்து போனை எடுத்து வந்த ஸ்டெப்னி போலீசுக்குச் சொன்னான். நாலே வரி. இந்தத் தடவை வேறு நாலு வரி.

ஜீப் வந்து, மாமாவை ஏற்றிக்கொண்டு போன பிறகும் சின்ன முதலாளி அங்கேயே நின்றார். ஸ்டெப்னி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனான்.

"சார், மன்னிச்சுக்கோங்க. நீங்கதான்னு நினைச்சுட்டேன். அன்னிக்கு அப்படிக் கத்தினீங்களே."

அவர் அவனைப் பார்க்கவில்லை. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் செத்த அன்னிக்கு ஹோட்டல் துணி அவசரம். லீவுன்னாலும் நான் மேல கரிப் பெட்டியை வச்சு இஸ்திரி போட்டுட்டு இருந்தேன். கீழ மெஷின் சத்தம் கேட்டுது. கரண்ட் போயிருக்கு, அண்ணன் பார்த்துக்கறார்னு நினைச்சேன். நடுவுல டங் டங்னு ஒரு சத்தம். அதுவும் கேட்டுது. ஏதோ ரிப்பேர் பண்றார்னு..." கண்ணை மெஷினிலிருந்து எடுக்கவில்லை. "நாற்பது சட்டை போட்டேன் தம்பி. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நாற்பது சட்டை போட்டேன். அந்த மெஷினை இன்னொருத்தர் தொடறதைப் பார்க்க முடியலை. அதான் கத்தினேன்."

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார்.

மகள்தான் அசைந்தாள். பெரியம்மா சொன்னதற்காக அழைத்து வந்தாளே தவிர, மூன்று வாரமாக அவர் முகம் பார்த்துப் பேசாதவள். அப்பா சாவுக்கு இவர்தான் காரணம் என்று மனசுக்குள் முடிவுகட்டி வைத்திருந்தவள். அவர் அருகில் போய், ஷட்டர் பக்கம் பார்த்து நின்றவரைத் தோளைப் பிடித்துத் தெருப் பக்கம் திருப்பினாள்.

"சித்தப்பா, வீட்டுக்கு வாங்க. நானும் காலையிலேருந்து சாப்பிடலை."

அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் சரிவில் ஏறினார்கள். அவர் கால் இரண்டு இடத்தில் தடுமாறியது. இரண்டு இடத்திலும் அவள் நின்று, பிறகு நடந்தாள்.